காலில் நிற்கிற பொம்மைக்கு ஸ்டாண்ட் எதற்கு?

நுவரெலியா வாசகர் ஒருவரின் கேள்வி, ஜூன் 6

ஆறு அங்குல ஆக்‌ஷன் ஃபிகர்கள் (மூட்டுகளை அசைத்து நிறுத்துகிற பொம்மைகள்) ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் மார்வெல் லெஜெண்ட்ஸ் வரிசை, கொஞ்சம் பண்டாய் கம்பெனியின் எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ், அதோடு ஒரேயொரு பெரிய ஹாட் டாய்ஸ். எல்லாம் தன் காலில் நன்றாகவே நிற்கின்றன. ஸ்டாண்ட் வாங்கு, ஸ்டாண்ட் வாங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் காசைச் சேர்த்தால் இன்னும் இரண்டு பொம்மை வாங்கலாம். ஸ்டாண்ட் என்பது பறக்கிற போஸ் வைப்பவர்களுக்குத்தானே?

ஜூன் 6, இரவு

இல்லை. பறக்கிற போஸ் வைப்பவருக்கு ஸ்டாண்ட் இல்லாமல் முடியவே முடியாது, அவர் எப்படியும் வாங்கிவிடுவார். யோசிக்க வேண்டியவர் நிற்க வைத்திருப்பவர்.

ஆறு அங்குலப் பொம்மையின் முழுப் பாரமும் இரண்டு கணுக்கால் மூட்டில் இறங்குகிறது. மூட்டைப் பிடித்து வைத்திருப்பது வெறும் உராய்வு. புதிதில் இறுக்கமாக இருக்கும், போஸ் மாற்ற மாற்றத் தேயும். கணுக்கால் மென்மையான பிவிசி என்றால் தேயாமலேயே மெல்ல வளையும். கொஞ்சம் சாய்ந்ததும் பாரம் அந்தப் பக்கம் போகிறது, பாரம் போனதும் இன்னும் சாய்கிறது. பிறகு ஒரு நாள் விழும். தனியாக விழாது, பக்கத்தில் நிற்பவர்களையும் இழுத்துக்கொண்டுதான் போகும்.

நான் இருப்பது தலவாக்கலைப் பக்கம், தேயிலை பெக்டரி குவாட்டர்ஸ். பலகைத் தரை. கீழே வளைவில் பதுளை ரயில் ஏறும்போது அலுமாரிக் கண்ணாடி கிணுகிணு என்று சத்தம் போடும். இந்த வீட்டில் சும்மா காலில் நிற்கிற எதையும் நான் நம்புவதில்லை.

ஜூன் 7

விட்டுப்போனது: மார்வெல் லெஜெண்ட்ஸ் பொம்மையின் பாதத்துக்கு அடியில் ஓட்டை இருக்கும், பாருங்கள். அது பெக்குக்காக, அதாவது ஸ்டாண்ட் தட்டில் நீட்டி நிற்கும் சின்ன முளைக்காக வைத்தது. மெக்ஃபார்லேன் கம்பெனியின் டிசி பொம்மைகளோடு வரும் கறுப்பு வட்டத் தட்டில் பெக் இருக்கிறது, ஆனால் அதைக் கொண்டுவந்து லெஜெண்ட்ஸுக்கு மாட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ஓட்டையின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இறுக்கமாக இருந்தால் அழுத்தாதீர்கள். பெக் உள்ளேயே முறிந்தால் எடுப்பது பெரும்பாடு.

ஜூன் 8

எந்த வகை என்று கேட்டிருக்கிறார். சரி, கொஞ்சம் விரிவாகவே.

பாதத்தில் பெக் குத்தும் தட்டுத்தான் மலிவு. கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அது பாதத்தை மட்டும் பிடிக்கிறது, கணுக்காலுக்கு மேலே எதுவும் செய்யாது. கணுக்கால் தளர்ந்த பொம்மையைப் பெக்கில் நிறுத்தினால் பாதம் தட்டிலேயே நிற்கும், ஆள் மட்டும் குப்புற வணங்கிக்கொண்டிருப்பார். கணுக்கால் நல்ல இறுக்கமாக இருந்து, பாதம் சின்னதாக இருப்பதால் தடுமாறுகிற பொம்மைக்குத்தான் இது.

முதுகில் குத்துவது ஃபிக்மா வழி. 2008இல் மேக்ஸ் ஃபேக்டரி தொடங்கிய வரிசை அது, ஸ்டாண்டைப் பெட்டியிலேயே வைத்து விற்றார்கள். முதுகில் 3 மில்லிமீற்றர் ஓட்டை, அதில் மூட்டுள்ள ஒரு கை. பண்டாயின் கன்ப்ளா ரோபோக்களுக்கு வரும் ஆக்‌ஷன் பேஸும் அதே 3 மில்லிமீற்றர்தான், ஆகையால் இரண்டையும் கலந்து பாவிக்கலாம். பிடிமானத்தில் இதை அடிக்க வேறில்லை. ஓட்டை இல்லாத பொம்மைக்கு உதவாது என்பதுதான் குறை. துளை போடலாமா என்று கேட்காதீர்கள், நான் போட மாட்டேன்.

இடுப்பைக் கவ்வுவது மூன்றாவது. பண்டாய் தமாஷீ ஸ்டேஜ் என்று தனியாக விற்கிறது. ஃபிகுவார்ட்ஸ் பெட்டிகளில் பெரும்பாலும் ஸ்டாண்ட் வராது. உங்களிடம் இருப்பவற்றுக்கு என் தேர்வு இந்த வகைதான். இடுப்புக்குச் சற்று மேலே, விலாவுக்குக் கீழே பிடித்தால் பாரத்தில் பெரும்பகுதி கம்பிக்குப் போய்விடும், பாதம் சும்மா தட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஹாட் டாய்ஸ் ஆறில் ஒரு பங்கு அளவு, கிட்டத்தட்ட 30 சென்ரிமீற்றர். பெட்டியிலேயே ஸ்டாண்ட் இருக்கும். போடுங்கள். அதைப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்துவிட்டுப் பொம்மையை மட்டும் நிறுத்துகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

ஜூன் 15

மழை பிடித்துவிட்டது. இனி இந்த இழையின் உண்மையான விஷயத்துக்கு வரலாம்.

ஸ்டாண்ட் பற்றி வெளிநாட்டுக் குழுக்களில் வருகிற அறிவுரை எல்லாம் ஹீட்டர் போட்ட வீடுகளுக்கு. கொழும்பு நண்பர்கள் சொல்வது வெயிலுக்கு: பிவிசி இளகும், கால் வளையும், ஜன்னலோரம் வைக்காதே. அது அங்கே சரி. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். உங்கள் பொம்மை இளகப்போவதில்லை. உங்கள் எதிரி ஈரம்.

எனக்கு வேலையே ஈரத்தோடுதான். கொழுந்து வாட்டும்போது ஈரத்தை இறக்குகிறோம், அரைத்து வைக்கிற அறையில் ஈரத்தை ஏற்றுகிறோம், ட்ரையரிலிருந்து இறங்கும் தூளில் 3 சதவீதம் அளவுக்கு வைத்து மூட்டை கட்டுகிறோம். அதனால் அலுமாரிக்குள்ளும் ஓர் ஈரமானி வைத்திருக்கிறேன், நல்ல மழையில் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. 70ஐத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். அது முதலில் பிடிக்கிற இடம் எது தெரியுமா? பொம்மையின் முகமோ முதுகோ இல்லை. கவ்வி தொடுகிற இடம். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய இடுக்கில் காற்று போகாது. ஈரமும் தூசியும் கை எண்ணெயும் அங்கேதான் தங்கும். ஃபோன் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள்: கவ்வியை எடுத்த இடத்தில் இரண்டு பக்கமும் பிறை வடிவில் சாம்பல் பொடி. நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையும் போடுங்கள்.

ஜூன் 16

பண்டாரவளையிலிருந்து ஒருவர்: எங்கள் வீட்டில் ஜூலையில் பூஞ்சணமே கிடையாது, மலைநாடு முழுக்க ஒரே மாதிரி எழுத வேண்டாம்.

நியாயம். தென்மேற்குப் பருவமழை எங்கள் சரிவில் கொட்டும்போது உங்கள் ஊவாப் பக்கம் காற்றடித்துக் காய்ந்து கிடக்கும். உங்கள் ஈரம் ஒக்டோபருக்குப் பிறகுதான், ஜனவரி வரை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆட்கள் மே வருமுன் அலுமாரியைத் துடைத்து வைக்க வேண்டும், பண்டாரவளை, பதுளை ஆட்கள் செப்டெம்பரில். மற்றதெல்லாம் பொது.

ஜூன் 22

கவ்வியின் நுனிக்கு மீன்தொட்டிக் குழாயை வெட்டி மாட்டலாமா என்று கேள்வி. கீறல் விழாமல் இருக்கத்தான் கேட்கிறார், நல்ல எண்ணம்தான். ஆனால் கண்ணாடி மாதிரித் தெரிகிற அந்தக் குழாய் பெரும்பாலும் மென்மையாக்கிய பிவிசி. பிவிசியை இளக்குவதற்குக் கலக்கிற எண்ணெய் மாதிரியான பொருள் மெல்ல வெளியே கசியும், தொடுகிற வேறு பிளாஸ்டிக்கையும் வண்ணத்தையும் இளக்கிவிடும். பழைய பொம்மை கை வைத்தால் பிசுபிசுப்பதும் இதனால்தான். எதிர்த்திசையிலும் நடக்கும்: மென்மையான பிவிசிப் பொம்மை, பொலிஸ்டைரீன் தட்டில் நெடுநாள் நின்றால் தட்டில் பாதத்தின் அச்சே பதிந்துவிடும்.

சைக்கிள் வால்வ் டியூப்பும் வேண்டாம். கறுப்பு ரப்பர் வெளிர் நிறப் பொம்மையில் மஞ்சள் கறை போடும், தேய்த்தாலும் போகாது. சிலிக்கோன் குழாய் கிடைத்தால் நல்லது.

எல்லாவற்றையும் விட மலிவான வழி ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறது. தண்ணீர்க் குழாயின் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப். அது டெஃப்லோன், எதோடும் ஒட்டாது, எதையும் உறிஞ்சாது, பசையும் இல்லை. கவ்வியின் நுனியில் இரண்டு மூன்று சுற்று, விரலால் அழுத்தினால் தானே பிடித்துக்கொள்ளும். 3 மில்லிமீற்றர் பெக் ஓட்டைக்குள் ஆடினாலும் ஒரு சுற்று சுற்றுங்கள், ஆட்டம் நின்றுவிடும். வெள்ளை நிறம் கண்ணை உறுத்தினால் பொம்மையின் பின்பக்கத்தில் கவ்வுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்.

ஜூலை 3

ஒரு சின்னச் சிரிப்பு. தளர்ந்த மூட்டை இறுக்க ‘ஃப்ளோர் பாலிஷ்’ விடு என்று வெளிநாட்டு வீடியோ ஒன்றில் பார்த்த தம்பி, வீட்டில் சிமெந்துத் தரைக்குப் பூசுகிற சிவப்பு பாலிஷை எடுத்து ஸ்பைடர்மேனின் முழங்காலில் வைத்திருக்கிறார். படம் அனுப்பியிருந்தார். ஸ்பைடர்மேன் என்பதால் நிறம் பரவாயில்லை.

தம்பி, அவர்கள் சொல்வது தண்ணீர் மாதிரி இருக்கும் அக்ரிலிக் திரவம், காய்ந்தால் மெல்லிய படலமாகி மூட்டைப் பருமனாக்கும். நம்முடையது மெழுகு. மெழுகு வழுக்கும். உள்ளதும் போகும். இங்கே கிடைப்பது என்றால் பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளைக் கம்மே போதும்: குண்டு மூட்டில் ஒரு மெல்லிய பூச்சு, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். காயுமுன் மாட்டினால் மூட்டு அப்படியே நின்றுவிடும். மழை நாளில் இரவு முழுக்க விட்டாலும் காயாது, இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். நெயில் பாலிஷ் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் சில பிளாஸ்டிக்கைத் தின்னும்.

ஜூலை 4

சிவப்பு பாலிஷைத் துடைக்க வழி கேட்கிறார். சோப்புத் தண்ணீர், பழைய பல் தூரிகை, பொறுமை. பெற்றோல் வைக்காதே.

ஜூலை 19

வீட்டிலேயே ஸ்டாண்ட் செய்வது. இதில் எனக்கு ஆசை அதிகம், நீளமாகப் போகும்.

கம்பிக்குச் சைக்கிள் ஸ்போக். 2 மில்லிமீற்றர் பருமன், விறைப்பு, வளைத்தால் வளைத்தபடி நிற்கும். சைக்கிள் கடையில் துருப்பிடிக்காத ஸ்போக் என்று கேட்டு வாங்குங்கள். நாகம் பூசியதும் வரும், அது எங்கள் மழையில் சில வருஷத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்து, பொம்மையின் துணியில் கறை வைக்கும். கட்டுக்கம்பி ஆகவே ஆகாது, காலையில் நிறுத்திய ஆள் மாலையில் உட்கார்ந்திருப்பார். ஸ்போக்கின் மேல் முனையை இடுப்பளவுக்கு ‘ப’ மாதிரி வளைத்து, வெள்ளை டேப் சுற்றினால் கவ்வி தயார். கவ்வ வேண்டாம், தாங்கினால் போதும்.

அடித்தட்டில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். இலேசான தட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை. நான் இரண்டு மாதிரி செய்கிறேன். ஒன்று, டைல் துண்டு. டைல் கடையில் உடைந்த துண்டுகள் சும்மாவே கிடைக்கும், பாரம் உண்டு, ஈரம் குடிக்காது. துளை போடுவதுதான் வில்லங்கம், அதனால் ஸ்போக்கின் அடியைச் சுருளாக வளைத்து எபொக்சிப் பசையில் ஒட்டிவிடுவேன். இன்னொன்று, பிடுங்கிய பழைய தேயிலைச் செடியின் அடிமரம். மறுநடவுக்குப் பிடுங்கும்போது மலை மலையாகக் கிடக்கும், பெரும்பாலும் விறகுக்குப் போகும். குறுக்கே வட்டமாக அறுத்தால் நெருக்கமான வைரம், நல்ல பாரம். பச்சையாக அறுத்தால் காயும்போது நடுவிலிருந்து வெடிக்கும். நிழலில் மாதக்கணக்கில் காய விட்டு, பிறகு அறுத்து, அடியிலும் மேலும் வார்னிஷ் அடிக்க வேண்டும். அடியில் அடிக்காமல் விட்டால் ஈரம் ஒரு பக்கமாக ஏறித் தட்டு வளையும்.

நிறுத்திய பிறகு ஒரு சோதனை. நூலில் ஒரு நட்டைக் கட்டி, மேசன் பாஸ் சுவருக்குத் தொங்க விடுவாரே, அப்படிப் பொம்மையின் தொப்புள் மட்டத்திலிருந்து தொங்க விடுங்கள். நட்டு அடித்தட்டின் நடுப் பாதிக்குள் வந்தால் நிம்மதி. விளிம்புக்கு வெளியே வந்தால் இன்றைக்கு நிற்பது தற்செயல்.

ஜூலை 20

டைல் விளிம்பு கண்ணாடித் தட்டைக் கீறும் என்று எழுதியிருக்கிறார்கள். அடியில் ஃபெல்ட் துணி ஒட்டாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். சிலிக்கோன் பசையை நான்கு மூலையிலும் ஒரு சொட்டு விட்டுக் காய வையுங்கள்.

ஓகஸ்ட் 11

ஒரு கடையில் ‘ஒரிஜினல்’ என்று வாங்கிய கவ்வி ஸ்டாண்ட், முதல் தடவை விரித்ததுமே விரல் முறிந்தது. பெயர் சொல்லப்போவதில்லை. பார்த்து வாங்க ஒரு வழி: கவ்வியின் விரலை மெல்ல விரித்தால் நல்லது வளைந்து திரும்பும், போலி வெள்ளைக் கோடு விட்டுக்கொண்டே விரியும். அந்த வெள்ளைக் கோடுதான் நாளைய முறிவு. கடைக்காரர் விரிக்க விடாவிட்டால் வாங்காதீர்கள்.

செப்டெம்பர் 2

திரீடி பிரிண்ட் ஸ்டாண்ட் பற்றி. கண்டியில் அச்சடித்துத் தருகிறார்கள், விலையும் நியாயம். எதில் அச்சடிக்கிறார்கள் என்று கேளுங்கள். பொதுவாகப் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். அடித்தட்டுக்கு அது போதும். கவ்விக்குப் போதாது: இழுவிசையில் விரிந்தபடியே நின்றால் பிஎல்ஏ அந்த வடிவத்துக்கே பழகிவிடும், பிடி தானாகத் தளரும். கவ்விக்குப் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கைக் கேளுங்கள், கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

செப்டெம்பர் 27

நவராத்திரி. கோவிலில் கொலுப்படி கட்ட உதவப் போனேன். அலுமாரியில் பின்வரிசை தெரியவில்லை என்று இங்கே புலம்புகிறவர்கள் ஒரு தடவை கொலுவைப் போய்ப் பாருங்கள். உயர்த்தும் படிதான் பாதி அழகு, ஸ்டாண்ட் மீதி. அக்ரிலிக் படிகள் விற்கிறார்கள். நான் பழைய தேயிலைப் பெட்டியின் பலகையை அறுத்துச் செய்துகொண்டேன். இப்போது தூள் கடதாசிச் சாக்கில்தான் போகிறது, அந்தப் பெட்டிகள் ஸ்டோரில் மூலைக்கு மூலை கிடந்தன. பலகை மெல்லியது, ஒரு படிக்கு இரண்டு தாங்கு வையுங்கள்.

அம்மா என் அலுமாரியைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இத்தனை சாமி இருக்கு, ஒன்னுக்குக்கூட சுண்டல் வைக்க மாட்டேங்குற.”

ஒக்டோபர் 14

சிலிக்கா ஜெல்லை ஜூனில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனேன், அதை நம்பி ஒருவர் சப்பாத்துப் பெட்டியில் வந்த இரண்டு பைகளை அலுமாரியில் போட்டுவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்கிறார். நடக்காது. சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தைத்தான் குடிக்கும், பிறகு அது வெறும் மணல். கதவு இடுக்கில் காற்று வந்துபோகிற அலுமாரிக்கு எத்தனை போட்டாலும் மலைநாட்டு மழையோடு அது போட்டி போட முடியாது. முதலில் கதவைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டுங்கள். பிறகு நிறம் மாறுகிற செம்மஞ்சள் மணியாகக் கால் கிலோ, அரைக் கிலோ வாங்குங்கள். பச்சையானதும் அவணில் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம், மீண்டும் செம்மஞ்சள். அவண் இல்லாதவர்கள் இரும்புச் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுக்கலாம், ஆனால் அந்தச் சட்டியில் அப்புறம் சமைக்கக் கூடாது.

2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய காலத்தில் ஈரமுறிஞ்சி மெசின் வைத்திருந்தவர்கள் எல்லாம் கையைப் பிசைந்தார்கள். சிலிக்கா மணிகளுக்குக் கரண்ட் தேவையில்லை. எனக்கு அதில் இன்றும் ஒரு சந்தோஷம்.

நவம்பர் 9

கேள்வி கேட்டவரின் ஹாட் டாய்ஸ் பற்றி இப்போதுதான் படம் வந்தது. ரெக்சின் ஜாக்கெட், கொலர் ஓரத்தில் பொரிந்து செதில் விடுகிறது. ஸ்டாண்டின் தாங்கு உராய்ந்ததா என்று கேட்கிறார்.

முழுப் பழியும் தாங்கின் மேல் இல்லை. அந்த ரெக்சின், துணியின் மேல் பூசிய பொலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரமே அதன் பிணைப்பை அறுக்கும். பாவித்தாலும் உரியும், பெட்டிக்குள் வைத்தாலும் உரியும், ஈரமான இடத்தில் சீக்கிரம் உரியும். ஒட்டி மீட்க முடியாது. ஈரத்தை 50க்குப் பக்கத்தில் வைத்தால் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான்.

ஸ்டாண்ட் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாங்கை ஜாக்கெட்டுக்கு வெளியே வைத்து இறுக்காதீர்கள், ஜாக்கெட்டைத் தூக்கி உள்ளே கால்சட்டையின் மேல் வையுங்கள். இறுகிய இடம்தான் முதலில் உரியும். கை மடங்கிய போஸும் வேண்டாம், முழங்கை மடிப்பில் வெடிப்பு விழும். கம்பியை மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள், குளிர்ந்த காலையில் அதில் வியர்த்திருக்கும்.

ஜூன் மாதம் இடுப்புக் கவ்வியைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தேன். துணி உடுத்தியவர்களுக்கு அதை இப்போது சொல்ல மாட்டேன். துணி என்றால் தாங்கு, இறுக்காமல்.

ஜனவரி 12

நுவரெலியாவில் புல் வெள்ளையாகக் கிடக்கிற படங்கள் வருகின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: விடியற்காலையில் போஸ் மாற்றாதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், மணிக்கட்டுப் பெக்கும் கவ்வி விரலும் அப்போதுதான் முறியும். ஹெயார் ட்ரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மூட்டைச் சூடாக்குங்கள், அல்லது சுடுதண்ணீரில் ஒரு நிமிஷம் பிடியுங்கள். வளைந்த காலை நிமிர்த்துவதற்கும் அதே சுடுதண்ணீர்தான்: நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே பச்சைத் தண்ணீரில் போட்டால் அப்படியே நிற்கும். நம் குழாயில் வருகிற தண்ணீருக்கு ஐஸ்கட்டி வேறு தேவையா.

ஹட்டன் வாசகர் இறுகிய மூட்டுக்கு டபிள்யூ.டி.40 அடிக்கிறாராம். அது பெற்றோலிய எண்ணெய், சில பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும். சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

ஜனவரி 30

காசு குறைவு, யாருக்கு முதலில் ஸ்டாண்ட் என்று கேட்கிறார்கள். சிறகு, கனத்த துணிப் போர்வை, பெரிய ஆயுதம் உள்ளவர்களுக்கு முதலில், ஏனென்றால் பாரம் மேலே இருக்கிறது. அடுத்தது குதிகால் செருப்பு போட்டவர்கள். அப்புறம் பின்வரிசையின் உயர்ந்த படியில் நிற்பவர்கள், அவர்கள் விழுந்தால் முன்வரிசையும் போகும். அகலப் பாதமுள்ள குண்டு ரோபோக்களுக்குக் கடைசியில் பார்க்கலாம், நூல் சோதனையில் தேறினால் வேண்டவே வேண்டாம்.

ஸ்டாண்டுக்குக் கறுப்புத் தட்டா, கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் தட்டா என்பதற்கு: கண்ணாடி நிறத்தில் வருவது படத்தில் மறைந்துவிடும், ஆனால் ஜன்னல் வெளிச்சம் பட்டால் வருஷங்களில் மஞ்சளாகும். கறுப்பில் தூசி தெரியும், தெரிந்தால்தான் துடைப்போம். நான் பின்வரிசைக்குக் கறுப்பு, முன்வரிசைக்குக் கண்ணாடி வைக்கிறேன். ஹாட் டாய்ஸுக்குப் பெட்டியில் வந்ததே போதும்.